பதினொரு மில்லிகிராம்

தமிழ் வாசகர்களில் பெரும்பாலோருக்கு ராலே பிரபுவின் பெயர் சர் சி.வி. ராமனின் கதையோடு சேர்ந்தே அறிமுகமாகியிருக்கும். 1921-ஆம் ஆண்டு கப்பற்பயணத்தில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்ட ராமன், அது வானத்து நீலத்தின் பிரதிபலிப்பே என்று ராலே எழுதிவைத்திருந்த விளக்கத்தை ஏற்க மறுத்தார். நாம் சொல்லிச் சொல்லிப் பழகிய அந்தக் கதையில் ராலே, திருத்தப்பட வேண்டிய மூத்தவராக ஒரு வரியில் வந்து மறைகிறார். வானம் நீலமாக இருப்பதற்கான காரணத்தைக் கணக்கிட்டுக் காட்டியவரும் அவரே என்பதைப் பள்ளிப் பாடநூல் 'ராலே சிதறல்' என்ற தலைப்பில் சில வரிகளில் சொல்லி முடித்துக்கொள்கிறது.

எனக்கு அவர்மீதுள்ள மதிப்பு கடலாலும் வந்ததன்று, வானத்தாலும் வந்ததன்று. ஒரு கண்ணாடிக் கோளத்தில் வாயுவை நிரப்பி நிறுப்பது, வெளியேற்றி நிறுப்பது, மீண்டும் நிரப்பி நிறுப்பது என்று பத்தாண்டுகளுக்கும் மேலாக அவர் தராசோடு வாழ்ந்தார். வேதியியல் ஆய்வகத்தில் மாணவர்களோடு நெடுங்காலம் நின்றவன் என்ற முறையில், அறிவியல் வரலாற்றில் நான் மிகுதியாக விரும்பும் பகுதி அதுதான்.

ஜான் வில்லியம் ஸ்ட்ரட் 1842 நவம்பர் 12-ஆம் நாள் இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில், மால்டன் ஊருக்கு அருகே, நிலவுடைமைக் குடும்பமொன்றில் பிறந்தார். நலிந்த உடல், பள்ளிப் படிப்பு பலமுறை தடைப்பட்டது. ஆயினும் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்து, 1865-இல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம் பெற்றார். பட்டத்துக்குரிய மூத்த மகன் நிலத்தைப் பார்த்துக்கொள்வதும் நாடாளுமன்றத்துக்குச் செல்வதும் வழக்கமாக இருந்த காலம் அது. சோதனைக் குழாய்களோடு வாழ்நாளைக் கழிக்க விரும்பும் பிரபு, அந்தச் சமூகத்துக்குச் சற்றே விசித்திரமானவராகத்தான் தோன்றியிருப்பார்.

1871-இல் எவலின் பால்ஃபோரை மணந்தார். பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதமரான ஆர்தர் பால்ஃபோரின் தமக்கை அவர். மறு ஆண்டே கடுமையான வாதக் காய்ச்சல் ராலேயைப் படுக்கையில் தள்ளியது. உடல் தேற எகிப்துக்குச் சென்று நைல் நதியில் படகில் தங்கியிருந்தபோது ஒலியியல் குறித்த தம் பெருநூலை எழுதத் தொடங்கினார். இரண்டு தொகுதிகளாக வெளிவந்த அந்நூல் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. 1873-இல் தந்தை மறைந்ததும் மூன்றாம் ராலே பிரபுவானார். டெர்லிங் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 7,000 ஏக்கர் நிலமும் ஒரு மாளிகையும் அவர் பொறுப்பில் வந்தன. மூன்றே ஆண்டுகளில் நிலத்தின் நிர்வாகத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, மாளிகையின் ஒரு பகுதியை ஆய்வகமாக்கிக்கொண்டார்.

1879-இல் மேக்ஸ்வெல் மறைந்தபோது, கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. வேளாண்மையில் ஏற்பட்டிருந்த மந்தத்தால் நிலத்து வருமானம் குறைந்திருந்ததும் அதை அவர் ஏற்றதற்கு ஒரு காரணம் என்பர். ஐந்து ஆண்டுகள் அங்கே இருந்தார். மின்தடையின் அலகான ஓம் எவ்வளவு என்பதைத் துல்லியமாக நிறுவும் பணியில், மனைவியின் தமக்கை எலினோர் சிட்ஜ்விக்கும் அவரோடு சேர்ந்து உழைத்தார். ஆய்வக வகுப்புகள் பெண்களுக்கும் திறந்துவிடப்பட்டன. 1884-இல் பதவியை விட்டு டெர்லிங்குக்கே திரும்பினார். பேராசிரியர் பதவியை விட்டவர்கள் ஓய்வெடுப்பதைப் பார்த்திருக்கிறோம். இவர் வேலை செய்வதற்காக விட்டார்.

அந்த வேலை என்ன? 1815-இல் வில்லியம் பிரௌட் என்ற மருத்துவர் ஒரு கருத்தை முன்வைத்திருந்தார். தனிமங்களின் அணு எடைகள் யாவும் ஹைட்ரஜனின் எடைக்கு முழு எண் மடங்குகளாக இருக்க வேண்டும். எல்லாப் பொருள்களும் ஹைட்ரஜனால் ஆனவையாக இருக்கலாம் என்பது அதன் சாரம். ஆக்சிஜன் ஹைட்ரஜனைப் போல் சரியாகப் 16 மடங்கா, அல்லது அதற்குச் சற்றுக் குறைவா? இந்தச் சிறு வினாவில் பெரியதொரு கொள்கையின் தலைவிதி தொங்கிக்கொண்டிருந்தது. இரு வாயுக்களின் அடர்த்தியையும் புதிதாக அளக்கப்போவதாக 1882-இலேயே ராலே அறிவித்திருந்தார்.

ஒரு பொருளின் அடர்த்தி, ஒப்பீட்டுக்கென எடுத்துக்கொண்ட இன்னொரு பொருளின் அடர்த்தியைப் போல் எத்தனை மடங்கு என்பதே ஒப்படர்த்தி. திரவங்களுக்கு நீரை ஒப்பீடாகக் கொள்கிறோம். அடர்த்திக் குப்பியை வெறுமையாக நிறுத்து, நீர் நிரப்பி நிறுத்து, பிறகு திரவம் நிரப்பி நிறுத்து, ஒரு வகுத்தல் கணக்குப் போட்டால் விடை வந்துவிடும். வாயுக்களுக்கு அன்று ஹைட்ரஜனே ஒப்பீடு. கொள்கையளவில் இரண்டும் ஒன்றே. கைவேலையில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

ராலே பயன்படுத்திய கண்ணாடிக் கோளம் சுமார் 1.8 லிட்டர் கொள்ளும். அதில் நிரம்பும் ஹைட்ரஜனின் எடை ஏறத்தாழ 0.16 கிராம்தான். கண்ணாடியின் எடையோ அதைப்போல் பல நூறு மடங்கு. யானைமேல் அமர்ந்திருக்கும் பாகனின் எடையை, யானையோடு ஒருமுறையும் யானை மட்டும் ஒருமுறையும் நிறுத்துக் கண்டுபிடிப்பதைப் போன்றது இது. கோளத்தைச் சூழ்ந்திருக்கும் காற்றும் அதைச் சற்று மேல்நோக்கித் தாங்கும். வானிலை மாறும்போது அந்தத் தாங்குவிசையும் மாறும். இதைச் சமன்செய்ய, தராசின் மறுபுறத்தில் ஏறக்குறைய அதே பருமனுள்ள, மூடிய இன்னொரு கோளம் தொங்கவிடப்பட்டது. இந்த உத்தி பிரெஞ்சு அறிஞர் ரெனோவுடையது. ஆனால், ரெனோ கவனிக்காமல் விட்ட ஒன்று இருந்தது. கோளத்திலிருந்து வாயுவை வெளியேற்றியதும் வெளிக்காற்றின் அழுத்தத்தால் கண்ணாடி மிகச் சிறிதளவு சுருங்குகிறது. அதனால் தாங்குவிசையும் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தச் சுருக்கத்தையும் ராலே கணக்கில் சேர்த்தார். அந்த மனிதரின் இயல்பை அறிய இது ஒன்றே போதும்.

1892-இல் விடை கிடைத்தது. ஆக்சிஜனின் அடர்த்தி ஹைட்ரஜனைப் போல் 15.882 மடங்கு. பிரௌட்டின் முழு எண் பொய்த்தது. இதோடு நிறுத்தியிருந்தாலும் அது ஒரு நல்ல வாழ்நாள் பணியே. ராலே நைட்ரஜனையும் நிறுத்துவிடலாம் என்று முனைந்தார்.

காற்றிலிருந்து ஆக்சிஜனையும் ஈரத்தையும் கரியமில வாயுவையும் நீக்கினால் எஞ்சுவது நைட்ரஜன் என்பது நூறாண்டுகளாக எல்லோரும் ஏற்றிருந்த உண்மை. முதலில் அவர் கையாண்ட முறையில், காற்று அம்மோனியாக் கரைசலின் வழியே சென்று, பழுக்கக் காய்ச்சிய செம்பின்மேல் பாய்ந்தது. காற்றின் ஆக்சிஜனை அம்மோனியாவின் ஹைட்ரஜன் பிடித்துக்கொள்ளும். எடைகள் ஒன்றோடொன்று நன்கு ஒத்துவந்தன. வேறொருவர் என்றால் எண்ணை எழுதி அச்சுக்கு அனுப்பியிருப்பார். ஒரே முறையில் கிடைத்த ஒற்றுமையை நம்பாத ராலே, அம்மோனியாவை விட்டுவிட்டு, காற்றைச் சூடான செம்பின்மேல் மட்டும் செலுத்தும் பழைய முறையிலும் செய்து பார்த்தார். அதிலும் எடைகள் தமக்குள் ஒத்துவந்தன. ஆனால், முதல் முறையின் எடைகளோடு ஒத்துவரவில்லை. அம்மோனியா கலந்த முறையில் கிடைத்த நைட்ரஜன் ஆயிரத்தில் ஒரு பங்கு இலேசாக இருந்தது.

இவ்விடத்தில் எங்கள் ஆய்வகங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கிளிசரினின் ஒப்படர்த்தி 1.26 என்பது செய்முறைத் தேர்வுக்கு வரும் மாணவர் ஒவ்வொருவருக்கும் தெரியும். அடர்த்திக் குப்பியில் அவருக்கு 1.22 வருகிறது. குப்பியின் வெளிப்புறம் துடைக்கப்படவில்லையா, உள்ளே காற்றுக்குமிழி நின்றுவிட்டதா, திரவத்தில் நீர் கலந்திருக்கிறதா என்று அவர் பார்ப்பதில்லை. 1.26 வருவதற்கு மூன்றாவது எடை எவ்வளவு இருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதிவிடுகிறார். அவரைக் கடிந்து பயனில்லை. விடை பாடநூலோடு எவ்வளவு நெருங்குகிறது என்பதற்கே நாம் மதிப்பெண் வைத்திருக்கிறோம். ஏன் விலகியது என்று ஆராய்ந்து எழுதுபவருக்கு அரை மதிப்பெண்கூட ஒதுக்கவில்லை. கிளிசரினில் நீர் கலந்திருந்தால் 1.22 என்பதே உண்மை. அந்த உண்மையை அழித்துவிட்டுத்தான் மாணவர் முழு மதிப்பெண் வாங்கிச் செல்கிறார். பல தேர்வு மேசைகளில் நான் கண்ட காட்சி இது. மிக நுண்ணிய மின்னணுத் தராசுகள் வந்த பிறகும் இது மாறவில்லை.

ராலேவுக்குக் கிடைத்த வேறுபாடு ஆயிரத்தில் ஒன்று. அதை மறைப்பதற்குப் பின்னோக்கிய கணக்குகூடத் தேவையில்லை. இரண்டுக்கும் சராசரி எடுத்தாலே போதும். அவரோ அந்த வேறுபாட்டைப் பெரிதாக்க முயன்றார். இது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது. முதல் முறையில் காற்றுக்குப் பதிலாகத் தூய ஆக்சிஜனையே அம்மோனியாவின் வழியே செலுத்தினார். அப்போது கிடைக்கும் நைட்ரஜன் முழுவதும் அம்மோனியாவிலிருந்தே வர வேண்டும். வேறுபாடு ஆயிரத்தில் ஒன்றிலிருந்து இருநூற்றில் ஒன்றாக வளர்ந்தது. தற்செயலான பிழை இவ்வாறு சொன்னபடி வளராது. எங்கோ ஒரு காரணம் ஒளிந்திருக்கிறது என்பது உறுதியாயிற்று.

1892-இல் 'நேச்சர்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதி, வேதியியலாளர்கள் இதற்கு விளக்கம் தர இயலுமா என்று கேட்டார். அறிவுலகத்தில் உச்சியில் இருந்த ஒருவர், தமக்குப் புரியாததைப் புரியவில்லை என்று ஊரறிய அச்சிட்டுக் கேட்டார். பயனுள்ள விடை ஏதும் வரவில்லை.

பிறகு ஒவ்வொரு ஐயமாகக் களைந்தார். இலேசான வாயுவில் ஹைட்ரஜன் கலந்திருக்குமோ? கனமான வாயுவில் வேண்டுமென்றே சிறிது ஹைட்ரஜனைக் கலந்து, அதே தூய்மைப்படுத்தும் குழாய்களின் வழியே அனுப்பினார். அது முற்றிலும் நீங்கிவிட்டது. நைட்ரஜன் மூலக்கூறுகளில் சில பிளவுபட்டு நிற்கின்றனவோ? வாயுவை எட்டு மாதங்கள் மூடிவைத்து மீண்டும் நிறுத்தார்; எடை மாறவில்லை. அம்மோனியாவில்தான் கோளாறோ? நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு, அம்மோனியம் நைட்ரைட்டு ஆகியவற்றிலிருந்தும் நைட்ரஜனைப் பிரித்தெடுத்தார். காற்றிலிருந்து ஆக்சிஜனை நீக்கவும் செம்பு, இரும்பு, ஃபெரஸ் ஹைட்ராக்சைடு என மூன்று வழிகளைக் கையாண்டார்.

அவர் வெளியிட்ட எண்களை நான் மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது வழக்கம். காற்றிலிருந்து பெற்ற நைட்ரஜன், கோளத்தில் நிரம்பியபோது: 2.3103, 2.3100, 2.3102 கிராம். வேதிப்பொருள்களிலிருந்து பெற்றது: 2.3001, 2.2990, 2.2987 கிராம். ஒரே குழுவுக்குள் எண்கள் நெருங்கி நிற்கின்றன. குழுவுக்குக் குழு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளத்தின் அளவு ஏறத்தாழ 11 மில்லிகிராம். ஓர் அரிசி மணியின் எடையில் பாதி இருக்கலாம்.

1894 ஏப்ரலில் லண்டன் ராயல் கழகத்தில் இம்முடிவுகளை அவர் விளக்கியபோது, வேதியியலாளர் வில்லியம் ராம்சே இதைத் தாமும் ஆராயலாமா என்று கேட்டுக்கொண்டார். ராலே தடை சொல்லவில்லை. பழுக்கக் காய்ச்சிய மக்னீசியம் நைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும். காற்று நைட்ரஜனை அதன்மேல் மீண்டும் மீண்டும் செலுத்திய ராம்சே, வாயுவின் அளவு குறையக் குறைய எஞ்சியதன் ஒப்படர்த்தி ஏறிக்கொண்டே போவதைக் கண்டார். ஹைட்ரஜனை ஒன்றாகக் கொண்டால் நைட்ரஜன் 14. எஞ்சிய வாயுவோ 19-ஐத் தாண்டி 20-ஐ நெருங்கியது.

ராலே வேறு வழியில் சென்றார். அவர் ஒருகாலத்தில் வகித்த பதவிக்குப் பெயர் தந்த அதே குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி கேவண்டிஷ், 1785-இலேயே காற்றில் மின்பொறிகளைச் செலுத்தி நைட்ரஜனை ஆக்சிஜனோடு சேரவைத்து நீக்கியிருந்தார். என்ன செய்தும் ஒரு சிறு குமிழி கரையாமல் எஞ்சியது. அது மொத்த நைட்ரஜனில் 120-இல் ஒரு பங்குக்கு மேல் இராது என்று அவர் எழுதிவைத்தார். அதற்குப் பின் நூற்றொன்பது ஆண்டுகள் அந்தக் குமிழியை எவரும் பொருட்படுத்தவில்லை. ராலே அச்சோதனையைப் புதிய கருவிகளோடு திரும்பச் செய்தபோது, அதே குமிழி அவருக்கும் எஞ்சியது.

கணக்கும் பொருந்துகிறது. 14 அடர்த்தியுள்ள வாயுவில் 20 அடர்த்தியுள்ள இன்னொன்று நூற்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் கலந்தால், கலவையின் அடர்த்தி இருநூற்றில் ஒரு பங்கு கூடும். தராசு சொன்ன 11 மில்லிகிராமுக்கு அதுவே விளக்கம். அம்மோனியா இலேசாக இருக்கவில்லை. காற்றுதான் தன்னோடு வேறொன்றைச் சுமந்துகொண்டிருந்தது. நாம் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளிழுத்து வெளியே விடும் அந்த வாயு காற்றில் ஏறத்தாழ 0.93 விழுக்காடு இருக்கிறது. கரியமில வாயுவைக் காட்டிலும் பல மடங்கு மிகுதி.

1894 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டில் இருவரும் இதை அறிவித்தனர். எதனோடும் வினைபுரியாத அந்த வாயுவுக்குச் சோம்பல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆர்கான் என்று பெயரிட்டனர். உலகம் உடனே ஏற்றுவிடவில்லை. இது தனிமமே இல்லை, மூன்று நைட்ரஜன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாக இருக்கலாம் என்று சிலர் ஐயுற்றனர். தனிம அட்டவணையை வகுத்த மெண்டலீவும் அவர்களுள் ஒருவர். ஒப்படர்த்தி 20 என்றால் மூலக்கூறு எடை 40. ஆர்கானின் மூலக்கூறு ஒற்றை அணுவால் ஆனது என்பதை அந்த வாயுவில் ஒலி செல்லும் வேகம் காட்டியது. எனவே அணு எடையும் 40. பொட்டாசியத்துக்கோ 39. எடை வரிசையில் அமைந்த அட்டவணையில் ஆர்கானுக்கு இடமில்லை. அணு எடைக்கு மாற்றாக அணு எண் என்ற கருத்து 1913-இல் மோஸ்லியின் ஆய்வால் நிலைபெற்ற பிறகே இந்த முரண் தீர்ந்தது. இடையில், 1898-க்குள் நியான், கிரிப்டான், செனான் ஆகியவற்றையும் ராம்சே கண்டறிந்துவிட்டார். அவற்றில் அவரோடு உழைத்த மாரிஸ் டிராவர்ஸ்தான் பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் முதல் இயக்குநராக வந்தார். அந்த நிறுவனத்தை பெங்களூரில் அமைக்கலாம் என்று பரிந்துரைத்தவரும் ராம்சேயே.

ஒரே கண்டுபிடிப்பில் இருவர் பங்கு கொண்டால் மனக்கசப்பு எளிதில் வரும். முழு உரிமையும் கோருவதற்கு ராலேவுக்குக் காரணங்கள் இருந்தன. எனினும் கட்டுரை இருவர் பெயரிலும் வந்தது. 1904-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு ராலேவுக்கும், வேதியியலுக்கான பரிசு ராம்சேவுக்கும் கிடைத்தன. ராலேவின் பரிசுக் குறிப்பில் ஆர்கானுக்கு முன்பாகவே வாயுக்களின் அடர்த்தி பற்றிய ஆய்வு இடம்பெற்றது. அந்தப் பரிசுத் தொகையை அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கே அளித்துவிட்டார்.

அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் 400-க்கும் மேற்பட்டவை. ராயல் கழகத்தின் தலைவராகவும் கேம்பிரிட்ஜின் வேந்தராகவும் இருந்தார். நம் கோவையிலும் திருச்சியிலும் எவர்சில்வர் கைப்பிடிகளை ஒட்டும் பட்டறைகளின் பெயர்ப்பலகையில் 'ஆர்கான் வெல்டிங்' என்று எழுதியிருப்பதைக் காணலாம். சூடான உலோகத்தைக் காற்று தீண்டாமல் காப்பது அந்தச் சோம்பேறி வாயுதான்.

1919 ஜூன் 30-ஆம் நாள் ராலே மறைந்தார். டெர்லிங் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். மாளிகை ஆய்வகம் மூடப்படவில்லை. மூத்த மகன் ராபர்ட் ஸ்ட்ரட்டும் இயற்பியலாளரே. தந்தையின் வாழ்க்கை வரலாற்றை 1924-இல் அவர்தான் எழுதி வெளியிட்டார். கனிமங்களுக்குள் சிக்கியிருக்கும் ஹீலியத்தின் அளவைக் கொண்டு பாறைகளின் வயதைக் கணிக்கலாம் என்று தொடக்கக் காலத்திலேயே அளந்து காட்டியவர்களில் அவரும் ஒருவர். ஆர்கானின் குடும்பத்தைச் சேர்ந்த அந்த வாயுவும் எதனோடும் வினைபுரியாதது. மிகச் சிறிய அளவுகளிலேயே கிடைப்பது.